அணு உலையில் மூணு மாச வேலை: 'முந்தைய அளவு' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

போன ஆடியில் ஒரு சாயங்காலம். கிச்சிலிச் சம்பா நாற்றங்காலுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கழனிக்காரர் தன் மகனைக் கூட்டிக்கொண்டு வரப்பிலேயே வந்து நின்றார். கையில் பிளாஸ்டிக் கவர். "மேனேஜர் சார், இத கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. பையனுக்கு மூணு மாசம் வேலையாம். அணு கரண்டு எடுக்கிற எடத்துல."

எங்கள் ஊரில் யாருக்கு எந்தக் காகிதம் வந்தாலும் என்னிடம் வரும். நகைக்கடன் ஏல நோட்டீஸ், பயிர்க் காப்பீடு, பத்திர நகல், எல்லாம். 33 வருஷம் வங்கியில் உட்கார்ந்துவிட்டு வந்தவன் என்பதால் எழுத்தில் இருப்பது எல்லாம் எனக்குத் தெரியும் என்று ஒரு நம்பிக்கை. அதுவும் இந்தப் பையன் பி.எஸ்சி. இயற்பியல் படித்தவன். நானும் 1979-ல் அதே படிப்பை முடித்துவிட்டுப் பேரேட்டுக்குப் போனவன்தான். அதனால் அவன்மேல் எனக்கு ஒரு தனிப் பாசம்.

வேறு மாநிலத்தில் இருக்கும் ஓர் அணுமின் நிலையம். ஷட்டவுன் காலத்துக்கு மட்டும் ஆள் எடுக்கிறார்கள். வேலையின் பெயர் 'ஹெல்த் பிசிக்ஸ் உதவியாளர்'. அதாவது கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பிரிவில் கைவேலை. நிலையம் நேரடியாக எடுக்கவில்லை, ஒப்பந்தக்காரர் மூலம். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பி.எஃப். உண்டா, இ.எஸ்.ஐ. உண்டா, தங்க இடம் யார் தருவது, சம்பளம் வங்கிக் கணக்கில் வருமா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் இருந்தது. "போய்ட்டு வாப்பா" என்று சொல்லிவிட்டேன்.

அந்த இரண்டு பக்கத்தில் 'கதிர்வீச்சு' என்ற சொல் ஓர் இடத்தில்கூட இல்லை. அது எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. இதை எழுதுவதற்கு அதுதான் காரணம்.

மண்புழுவும் மூடாக்கும் பேசுகிற இதழில் அணு உலை எதற்கு என்று கேட்பீர்கள். அணுமின்சாரம் வேண்டுமா வேண்டாமா என்ற வழக்குக்கு நான் இங்கே வரவில்லை. கழனியில் வேலை இல்லாத மாதங்களில் நம் பிள்ளைகள் இந்த மாதிரி வேலைக்குப் போகிறார்கள், இனியும் போவார்கள். திரும்பி வரும்போது சம்பளத்தோடு இன்னொரு கணக்கும் கூட வருகிறது. அந்தக் கணக்கு எப்படி எழுதப்படுகிறது என்று பெற்றவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பையன் 73 நாள் வேலை பார்த்துவிட்டு ஐப்பசியில் வந்தான். அப்பாவின் போர் மோட்டாருக்கு ரீவைண்டிங் செய்து கொடுத்தான். கார்த்திகைக் கடைசியில் மறுபடி ஒரு படிவத்தோடு வந்தான். இந்தத் தடவை வேறு ஒப்பந்தக்காரர், வேறு நிலையம், பங்குனியில் ஷட்டவுன். படிவத்தில் ஒரு கட்டம்: 'முன்பு கதிர்வீச்சுப் பணி செய்ததுண்டா? பெற்ற மொத்த அளவு எவ்வளவு?'

"எவ்வளவுடா?"

"தெரியாது சார். பேட்ஜை வாங்கி வச்சுக்கிட்டாங்க. நம்பர் எதுவும் சொல்லல. ஏஜென்ட் அண்ணன் பூஜ்யம்னு போடச் சொல்றாரு. அப்பதான் சீக்கிரம் எடுப்பாங்களாம்."

எனக்குச் சுருக்கென்றது. வங்கியில் கடன் மனுவில் ஒரு கட்டம் உண்டு: 'பிற வங்கிகளில் நிலுவைக் கடன்'. அதில் 'இல்லை' என்று எழுதச் சொல்லும் தரகர்களை என் வேலைக்காலம் முழுக்கப் பார்த்திருக்கிறேன். அப்படி எழுதினவர் பிற்பாடு எந்த நிலைக்குப் போனார் என்பதையும் பார்த்திருக்கிறேன். அன்று ராத்திரி பழைய இயற்பியலைத் தூசி தட்ட ஆரம்பித்தேன். அடுத்து வருவது அப்படிப் படித்ததும், பையன் வாய்மொழியாகச் சொன்னதும்.

முதலில், ஏன் ஷட்டவுனுக்கு மட்டும் இத்தனை ஆள்? கூடங்குளம் மாதிரியான உலையில் எரிபொருள் மாற்ற உலையை நிறுத்தியாக வேண்டும். கல்பாக்கம், கைகாவில் இருக்கும் கனநீர் உலைகளில் ஓட்டத்திலேயே எரிபொருள் மாற்றலாம். ஆனாலும் வால்வு, பம்பு, குழாய் பற்றவைப்பு, நீராவி உற்பத்திக் கலம் இவற்றைப் பிரித்துப் பார்க்க நிறுத்தித்தான் ஆக வேண்டும். ஓடுகிற உலைக்குப் பக்கத்தில் யாரும் போவதில்லை. நின்ற பிறகுதான் மனிதர் உள்ளே போகிறார், மூடியிருந்ததைத் திறக்கிறார். அதனால் ஒரு நிலையத்தில் தொழிலாளர்கள் மேல் விழும் கதிர்வீச்சில் பெரும் பங்கு இந்தச் சில வாரங்களில் விழுகிறது. அந்தச் சில வாரங்களுக்கு வெளியாட்களைத்தான் கூப்பிடுகிறார்கள்.

உலை நின்ற பிறகும் எங்கிருந்து கதிர்வீச்சு? நம் வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நின்றாலும் வளைவில் வண்டல் இருக்கும். வால்வுகளில் தேயாமல் இருக்கச் சேர்க்கும் கடினமான உலோகக் கலவையில் கோபால்ட் உண்டு. அது பொடிப்பொடியாகத் தேய்ந்து நீரோடு உலைக்குள் போகிறது. அங்கே நியூட்ரான் பட்டுக் கோபால்ட்-60 ஆகிறது. திரும்பி வந்து குழாய் முழங்கையிலும் வால்வு அடியிலும் படிகிறது. அதன் வீரியம் பாதியாகக் குறைய ஐந்தே கால் ஆண்டு. குழாயைத் திறக்கிற பிட்டருக்குப் பக்கத்தில் அந்த வண்டல் இருக்கிறது.

இதில் பையனின் வேலை என்ன? பிட்டர் உள்ளே போகும் முன் அந்த இடத்தை மீட்டரால் அளப்பது. தரையில், குழாய்மேல், கைப்பிடியில் 100 சதுர சென்டிமீட்டர் அளவுக்கு வடிதாள் வட்டத்தால் துடைத்து, அதைக் கருவியில் வைத்து எண்ணுவது. உள்ளே போகிறவரின் பேனா அளவுமானியில் போகும்போது என்ன எண், வரும்போது என்ன எண் என்று எழுதுவது. வெளியே வருகிறவர் மேலங்கியை உட்புறம் வெளியே வருகிற மாதிரி உருட்டிக் கழற்றுகிறாரா என்று பார்ப்பது. காரீயப் போர்வையைத் தூக்கிக்கொண்டு போய்ப் போர்த்துவது. நம் நாட்டு நிலையங்களில் உட்புறத்தை மாசுக்கு ஏற்றபடி ஒன்று முதல் நான்கு வரை மண்டலங்களாகப் பிரித்திருப்பார்கள். ஒரு மண்டலத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் இடத்தில் செருப்பு மாற்ற வேண்டும், கை கால் சோதிக்க வேண்டும். அந்த வாசலில் நிற்பவன் இவன்.

இங்கே இரண்டு விஷயத்தைப் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள். விறகு அடுப்புப் பக்கத்தில் நிற்கிறீர்கள். சூடு படுகிறது. தள்ளிப் போனால் சூடு நின்றுவிடும், அதை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. அடுப்புக் கரி அப்படி இல்லை. கையில் ஒட்டும், சோற்றோடு வாய்க்குள் போகும், பிள்ளையைத் தூக்கினால் பிள்ளை சட்டையிலும் ஒட்டும். வெளியிலிருந்து படுகிற கதிர்வீச்சு அடுப்புச் சூடு மாதிரி. கதிரியக்க மாசு கரி மாதிரி, ஆனால் கண்ணுக்குத் தெரியாத கரி. சூட்டைச் சமாளிக்க மூன்று வழி: நேரத்தைக் குறை, தள்ளி நில், நடுவில் தடுப்பு வை. ஒரு புள்ளியிலிருந்து வருகிற கதிர் என்றால் இரண்டு மடங்கு தூரத்தில் கால் பங்குதான் படும். கரிக்கு வழி, ஒட்டாமல் பார்ப்பது, ஒட்டினால் கழுவுவது, உள்ளே தின்னாமல் குடிக்காமல் இருப்பது.

வயிற்றுக்குள் போனதைச் சட்டையில் குத்திய பேட்ஜ் காட்டாது. 2009 நவம்பரில் கைகாவில் ஒரு குடிநீர்க் குளிரூட்டியில் டிரிட்டியம் கலந்த கனநீர் கலக்கப்பட்டிருந்தது. அதைக் குடித்த ஐம்பதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைக் காட்டிக்கொடுத்தது வழக்கமான சிறுநீர்ப் பரிசோதனை. டிரிட்டியம் தண்ணீரோடு தண்ணீராக உடம்பில் பரவும், சுமார் பத்து நாளில் பாதி வெளியேறும். நிறையத் தண்ணீர் குடித்தால் இன்னும் சீக்கிரம். எனவே கனநீர் உலையில் வேலை என்றால் 'சிறுநீர்ப் பரிசோதனை எத்தனை நாளுக்கு ஒரு தடவை?' என்று கேட்பது நியாயமான கேள்வி.

இனி அளவு. உடம்பு வாங்கிய கதிர்வீச்சை மில்லிசீவர்ட் என்ற அலகில் சொல்கிறார்கள். மண், வானம், மூச்சுக்காற்று, சாப்பாடு என்று இயற்கையிலிருந்தே உலக மனிதர் சராசரியாக வருஷத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் வாங்குகிறார். மணவாளக்குறிச்சி, சவரா பக்கம் கடல் மணலில் தோரியம் இருப்பதால் அங்கே கூடுதல். இதற்கு மேல், தொழில் சார்ந்து ஒருவர் வாங்கலாம் என்று அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்திருக்கும் வரம்பு, ஐந்து ஆண்டுக்கு மொத்தம் 100. அதாவது ஆண்டுக்குச் சராசரி 20. எந்தத் தனி ஆண்டிலும் 30-ஐத் தாண்டக்கூடாது. நிலையத்துக்கு வெளியே இருக்கும் பொதுமக்களுக்கு 1. வேலைக்குப் போகிறவனுக்கு அதைப் போல 20 பங்கு என்பதைக் கவனியுங்கள். விஷயம் தெரிந்து, சம்மதித்து, கண்காணிப்பில் இருப்பவன் என்ற அடிப்படையில்தான் அந்த 20 பங்கு. விஷயம் தெரியவில்லை, கண்காணிப்புத் தாள் கையில் இல்லை என்றால் அந்தச் சம்மதத்துக்கு என்ன பொருள் என்பது என் கேள்வி.

இந்த அளவை எடுப்பது டி.எல்.டி. பேட்ஜ். சட்டைப்பையில் குத்துகிற சின்ன அட்டை. நம் நாட்டுப் பேட்ஜில் கால்சியம் சல்பேட் கலந்த மூன்று வில்லைகள் இருக்கும். கதிர்வீச்சு பட்டால் வில்லை அந்தச் சக்தியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு கருவியில் வைத்துச் சூடாக்கினால், பிடித்து வைத்ததை வெளிச்சமாக விடும். எவ்வளவு வெளிச்சமோ அவ்வளவு அளவு. இதைப் படித்தபோது பையனிடம், "அப்ப பேட்ஜை மறுபடி சூடு பண்ணிப் பாக்கச் சொல்லலாமே" என்றேன். "ஒரு தடவை படிச்சா காலியாயிடும் சார், திரும்ப வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க" என்றான். அதாவது வில்லையிலிருந்து எண்ணைப் படித்து எழுதிய பிறகு, அந்த எண் எழுதிய இடத்தில் மட்டும்தான் இருக்கிறது. வவுச்சரைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பேரேட்டை மட்டும் வைத்துக்கொள்வது போல. பேரேடு பத்திரமாக இருக்கிறது என்பது உண்மைதான். பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் நாடு முழுதுக்குமான பதிவேடு உண்டு, ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஓர் எண் உண்டு. ஆனால் பாஸ்புக் இவன் கையில் இல்லை.

பேரேட்டிலும் ஒரு சிக்கல் வரலாம், அது எனக்கு நன்றாகத் தெரிந்த சிக்கல். நம் ஊர்ப் பெயருக்கு முன்னால் இனிஷியல். வெளிமாநிலத்துப் படிவத்தில் குடும்பப் பெயர் கேட்பார்கள். பையனின் பேட்ஜ் அட்டையில் அப்பா பெயர்தான் முதல் பெயர். ஆதாரில் வேறு மாதிரி, பட்டச் சான்றிதழில் இன்னொரு மாதிரி. வங்கியில் ஒரே ஆளுக்கு மூன்று கஸ்டமர் ஐ.டி. விழுவது இப்படித்தான். மூன்று ஷட்டவுனில் மூன்று பெயரில் மூன்று எண் விழுந்துவிட்டால், கணக்கு ஒவ்வொன்றும் சின்னதாகத் தெரியும், உடம்பு மட்டும் ஒன்று. எனவே முதல் வேலையிலேயே ஆதாரில் இருக்கிறபடி பெயரை எழுதச் சொல்லுங்கள். கிடைத்த எண்ணைச் செல்போனில் படம் பிடித்து வைப்பதோடு விடாமல், காகிதத்திலும் குறித்து வைக்கச் சொல்லுங்கள்.

இதெல்லாம் கணக்குச் சமாசாரம். இதைவிடக் கடினமான ஒன்றைப் பையன் இரண்டாம் நாள்தான் சொன்னான்.

ஒரு ராத்திரி ஷிப்ட். ஒரு பிட்டர் குழாய் வளைவுக்கு அடியில் மல்லாந்து படுத்து போல்ட் கழற்றிக்கொண்டிருந்தார். இவர்கள் தங்கியிருந்த அதே வரிசை வீட்டில் இருந்தவர். வேலை அனுமதிச் சீட்டில் அந்த இடத்துக்கு ஓர் அளவு எழுதியிருந்தது. இவன் மீட்டரை நீட்டினால் அதைப் போல மூன்று மடங்கு காட்டுகிறது. விதிப்படி இவன் 'நிறுத்துங்க, வெளிய வாங்க' என்று சொல்ல வேண்டும். பயிற்சியில் முதல் நாளே சொல்லித் தந்ததுதான். பக்கத்தில் நின்ற ஒப்பந்தக்காரரின் சூப்பர்வைசர், "இன்னும் பத்து நிமிஷம்தான், முடிச்சுரட்டும்" என்றார். இவன் வாயைத் திறக்கவில்லை. அடுத்த ஷட்டவுனுக்குப் பெயர் கொடுப்பது அந்த சூப்பர்வைசர்தானே! நாலைந்து நிமிஷத்தில் நிலையத்தின் நிரந்தர ஹெல்த் பிசிக்ஸ் ஊழியர் ஒருவர் அந்தப் பக்கம் வந்தார், மீட்டரைப் பார்த்தார், பிட்டரை வெளியே வரச் சொன்னார், காரீயம் போர்த்திவிட்டு மறுபடி அனுப்பினார். பிட்டர் வாங்கியது பெரிய அளவு ஒன்றும் இல்லை. யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

"அந்த நாலு நிமிஷம் நான் எதுக்கு அங்க நின்னேன் சார்?" என்றான். அதற்குப் பிறகு அந்தப் பிட்டரோடு உட்கார்ந்து சாப்பிட முடியவில்லையாம். அவரிடம் சொல்லவும் இல்லை.

வங்கியில் ஆடிட்டர் சம்பளத்தைக் கிளை மேலாளர் கொடுத்தால் எப்படி ஆடிட் நடக்கும்? வேலையை வேகமாக முடித்தால் லாபம் என்று இருப்பவரிடம் கூலி வாங்கிக்கொண்டு, அந்த வேலையையே நிறுத்தும் அதிகாரத்தையும் கையில் வைத்திருக்கச் சொல்கிறார்கள். நிரந்தர ஊழியர் நிறுத்தினால் அவருக்குச் சம்பளம் குறையாது. 73 நாள் ஆள் நிறுத்தினால் அவனுக்கு 74-ஆம் நாளைப் பற்றிய பயம். பையனை நான் குறை சொல்லவில்லை. 23 வயதில் நான் இருந்திருந்தாலும் பத்து நிமிஷம் பொறுத்திருப்பேன்.

மீட்டருக்கு இருக்கிற மதிப்பு என்ன என்பதற்குக் கல்பாக்கத்தில் ஒரு பழைய உதாரணம் உண்டு. 2003 ஜனவரி 21 அன்று அங்குள்ள மறுசுழற்சி ஆலையில் ஒரு வால்வு பழுதாகி, வீரியம் கூடிய கழிவு, வீரியம் குறைந்த கழிவுத் தொட்டிக்குள் வந்துவிட்டது. அது தெரியாமல் மாதிரி எடுக்கப் போன ஊழியர்கள் ஆறு பேர், ஆண்டு வரம்பைப் பல மடங்கு மீறிய அளவு வாங்கினார்கள். அந்த இடத்தில் கதிர்வீச்சு அளவைக் காட்டும் நிலையான கருவி இல்லை. அவர்கள் அனுபவம் உள்ள ஊழியர்கள். கருவி இல்லாத இடத்தில் அனுபவம் கை கொடுக்கவில்லை. கருவி இருந்தும் அதைப் பிடித்தவன் வாய் திறக்க முடியாவிட்டாலும் விளைவு அதே மாதிரிதான் இருக்கும்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உள்ள சங்கடம் இல்லை. அமெரிக்காவில் மின்தேவை குறைவாக இருக்கும் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் ஷட்டவுன் வைப்பார்கள். அந்தப் பருவத்தில் ஊர் ஊராக, நிலையம் நிலையமாகப் போய் கதிர்வீச்சு அளக்கும் வேலை செய்பவர்களுக்கு 'ரோடு டெக்' என்று பட்டப்பெயர். நம் கதிர் அறுவடை இயந்திரக்காரர்கள் டெல்டாவில் ஆரம்பித்து மேலே மேலே வருவது மாதிரி. 1970, 80-களில் அங்கே 'ஜம்பர்' என்று இன்னொரு கூட்டம் இருந்தது. நீராவிக் கலத்துக்குள் குதித்து, சில நிமிஷம் வேலை செய்து, அந்தச் சில நிமிஷத்திலேயே பல மாதத்துக்கான அளவை வாங்கிக்கொண்டு வெளியே வருவார்கள். பிறகு அடுத்த ஆள்.

ஜப்பானில் குனியோ ஹோரியே என்ற எழுத்தாளர் 1970-களின் கடைசியில் தானே கூலியாளாகச் சேர்ந்து மிஹாமா, ஃபுகுஷிமா, சுருகா நிலையங்களில் வேலை பார்த்துவிட்டு 1979-ல் ஒரு புத்தகம் எழுதினார். நிலையம் விட்டு நிலையம் போகும் இந்தக் கூலிகளை 'அணு உலை நாடோடிகள்' என்று அழைக்கும் வழக்கம் அந்தப் புத்தகத்தால்தான் பரவியது. அங்கும் கழனி வேலை முடிந்த விவசாயிகளும் மீனவர்களும் இதற்குப் போயிருக்கிறார்கள். ஒப்பந்தக்காரருக்குக் கீழே ஒப்பந்தக்காரர், அவருக்குக் கீழே இன்னொருவர் என்று அடுக்கடுக்காக இருக்கும். 2011 டிசம்பரில், ஃபுகுஷிமா விபத்துக்குப் பிந்தைய வேலையில், ஒரு துணை ஒப்பந்த நிறுவனத்தின் மேற்பார்வையாளர் தொழிலாளர்களின் அளவுமானிமேல் காரீயத் தகட்டை மூடிக்கொள்ளச் சொன்னது மறு வருஷம் வெளியே வந்தது. அளவு நிறைந்துவிட்டால் வேலை போய்விடும் என்பதுதான் காரணம். எங்கள் ஏஜென்ட் 'பூஜ்யம் போடு' என்றதும் இதே வழக்கு, காரீயம் இல்லாமல்.

ஆனால் அதே ஜப்பானில் நமக்குப் பாடமாக ஒன்று இருக்கிறது. அங்கே கதிர்வீச்சுத் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் ஒரு கைப்புத்தகம் உண்டு. அசல் பாஸ்புக் மாதிரியே. எந்த நிலையம், எத்தனை நாள், எவ்வளவு அளவு, மருத்துவப் பரிசோதனை எப்போது என்று பதிவாகும். 2015 அக்டோபரில், ஃபுகுஷிமாவில் விபத்துக்குப் பிறகு வேலை பார்த்த ஒருவருக்கு வந்த ரத்தப் புற்றுநோயைத் தொழில் நோய் என்று அரசு முதன்முறையாக ஏற்றுக்கொண்டது. அவர் வாங்கியது மொத்தம் 19.8 மில்லிசீவர்ட். அதில் 15.7 ஃபுகுஷிமாவில், மீதி வேறு நிலையத்தில். வேலை பார்த்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 5 மில்லிசீவர்ட் என்பது அங்கே ரத்தப் புற்றுநோய் இழப்பீட்டுக்கு 1976 முதல் உள்ள அளவுகோல். 19.8 என்று தசம சுத்தமாகச் சொல்ல முடிந்ததால்தான் அந்த மனு நின்றது. அவர் எங்கோ பூஜ்யம் என்று எழுதியிருந்தால்?

பிரான்சில் எனக்கு ரொம்பப் பிடித்த விதி ஒன்று. தற்காலிக ஊழியரின் ஒப்பந்த நாட்களுக்கு ஏற்றபடி ஆண்டு வரம்பைப் பங்கு போட்டுப் பார்க்க வேண்டும். ஒப்பந்தம் முடிகிறபோது அவர் வாங்கிய அளவு அந்தப் பங்கைத் தாண்டியிருந்தால், கணக்குச் சரியாகும்வரை முதலாளி ஒப்பந்தத்தை நீட்டித்தாக வேண்டும். ஓர் ஆளின் மொத்த வருஷ வரம்பையும் மூன்று மாதத்தில் செலவழித்துவிட்டு அனுப்பிவிடுகிற வசதி முதலாளிக்கு இல்லை. மணிக்கு 2 மில்லிசீவர்ட்டுக்கு மேல் இருக்கும் இடங்களுக்குத் தற்காலிக ஆட்களை அனுப்பவே தடை. நம் நாட்டுத் தொழிற்சங்கங்கள் இதைக் கேட்கலாம்.

நம் சட்டத்திலும் ஒன்றும் இல்லாமல் இல்லை. அணுசக்தி (கதிர்வீச்சுப் பாதுகாப்பு) விதிகள், 2004-ஐ எடுத்துப் படித்தேன். தொழிலாளியின் அளவுப் பதிவையும் உடல்நலக் கண்காணிப்பு அறிக்கையையும் ஆண்டுதோறும், அவர் கேட்கும்போதும், வேலை முடிகிறபோதும் முதலாளி அவருக்குக் கொடுக்க வேண்டும். புதிதாக எடுக்கும் முதலாளி முந்தைய முதலாளியிடமிருந்து பதிவைக் கேட்டு வாங்க வேண்டும். தொழிலாளியும் முன்பு செய்த கதிர்வீச்சு வேலையை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆக, பூஜ்யம் என்று எழுதினால் தப்பு பையன் தலையில்தான் விழும், சொல்லிக்கொடுத்த ஏஜென்ட் எங்கும் கையெழுத்துப் போடவில்லை.

பழைய ஒப்பந்தக்காரருக்குப் பதிவுத் தபாலில் கடிதம் எழுதினோம். ஒப்புகை அட்டை வந்தது, பதில் வரவில்லை. போன் செய்தால், "அதெல்லாம் பிளாண்ட்ல இருக்கும், எங்ககிட்ட இல்ல." மார்கழிக் கடைசியில், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் இணைத்து, நிலையத்தின் தகவல் அலுவலருக்கே மனு போட்டோம். பேட்ஜ் எண், வேலை பார்த்த தேதிகள், அட்டையில் பெயர் எப்படி இருந்தது, ஆதாரில் எப்படி இருக்கிறது எல்லாம் குறிப்பிட்டு, 'என்னுடைய சொந்த அளவுப் பதிவு' என்று தெளிவாக எழுதினோம். மாசியில் பதில் வந்தது. ஒரே தாள். மாதவாரியாக எண், கீழே கூட்டல்: 3.4 மில்லிசீவர்ட்.

அவன் அப்பாவுக்கு முதலில் முகம் வெளுத்துவிட்டது. எண் என்று ஒன்று இருப்பதே பயம்தானே! உட்கார வைத்துக் கணக்குச் சொன்னேன். 73 நாள் என்பது வருஷத்தில் சரியாக ஐந்தில் ஒரு பங்கு. 20-ல் ஐந்தில் ஒரு பங்கு 4. பிரான்ஸ் கணக்குப்படியும் 3.4 உள்ளேதான் வருகிறது. நோய் அபாயம் என்று பார்த்தால், சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்புக் குழு சொல்லும் மதிப்பு 1000 மில்லிசீவர்ட்டுக்குச் சுமார் 5 சதவீதம். அந்த விகிதத்தில் 3.4 என்பது ஏறக்குறைய 6000 பேரில் ஒருவருக்குக் கூடுதல் ஆபத்து. சின்னது. ஆனால் பூஜ்யம் இல்லை. பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா மூன்று நாட்டிலும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அணுசக்தித் தொழிலாளர்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்து 2023-ல் வெளியான ஆய்வு, அளவு கூடக் கூடப் புற்றுநோய் மரணமும் கூடுகிறது, குறைந்த அளவிலும் அந்தப் போக்கு மறைவதில்லை என்றுதான் சொல்கிறது. வருஷத்துக்கு மூன்று ஷட்டவுன், பதினைந்து வருஷம் என்று போனால் 3.4 எங்கே போய் நிற்கும் என்று அவனையே பெருக்கச் சொன்னேன். இந்தக் கணக்கில் வரவு மட்டும்தான் உண்டு, எடுக்கிற சீட்டு கிடையாது.

இதை எழுதும்போது என் கழனிக்கு எதிரே நடப்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பாதைக்கு அந்தப் பக்கம் இன்னும் ரசாயனம்தான். கத்தரிக்கு மருந்தடிக்க வருகிறவர் வாரத்துக்கு ஐந்து தோட்டம் அடிக்கிறார். முகத்தில் ஒரு துண்டு, காலில் ஒன்றும் இல்லை. இருபது வருஷமாக அவர் உடம்புக்குள் போனது எவ்வளவு என்று எந்தப் பேட்ஜும் எடுக்கவில்லை, எந்த மும்பைப் பேரேட்டிலும் அவர் பெயர் இல்லை. அணு உலைக்குப் போன பையனுக்காவது பத்து ரூபாய்க்கு ஒரு தாள் கிடைத்தது. இவர் யாருக்கு மனு போடுவார்?

பையனிடம் போகாதே என்று நான் சொல்லவில்லை. அரை ஏக்கர் கடலையை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் இந்தத் தடவை ஒப்பந்தத்தை நானே மறுபடி படித்தேன். அளவுப் பதிவு வேலை முடிகிற நாளில் கையில் தரப்படும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி ஏஜென்டிடம் பேசினேன். தினசரி பேனா அளவுமானி எண்ணைத் தன் சொந்த நோட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னேன். மாதக் கடைசியில் பேட்ஜ் எண்ணோடு அது ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும், ரொம்ப விலகினால் கேட்க வேண்டும். நிலையத்தின் நிரந்தர ஹெல்த் பிசிக்ஸ் பிரிவில் ஒருவரை முதல் வாரமே தெரிந்துவைத்துக்கொள், மீட்டர் கூடக் காட்டினால் சூப்பர்வைசரிடம் வாதாட வேண்டாம், நேரே அவருக்குப் போன் போடு என்றேன். அவன் தலையை ஆட்டினான். ராத்திரி ஷிப்டில் அது எவ்வளவு நடக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

படிவத்தில் அந்தக் கட்டத்தில் 3.4 என்று எழுதி, தாளின் நகலை இணைத்து அனுப்பினான். "சொன்னா கேக்க மாட்டியே" என்றாராம் ஏஜென்ட். அசல் தாளைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, பட்டா சிட்டா இருக்கும் டிரங்குப் பெட்டியில் அப்பா வைத்திருக்கிறார். பங்குனி பிறந்துவிட்டது, இன்னும் போன் வரவில்லை. பையன் கடலைக்கு மண் அணைத்துக்கொண்டிருக்கிறான்.